நாற்பத்திரண்டாவது ஆள்

பேச்சைச் சுருக்கச் சொல்லி இப்போதே கண்ணைக் காட்டும் விழாத் தலைவர் தசரதன் ஐயா அவர்களே! பாதாளம் வரை இறங்கிப் பாருக்கே பொன் தந்த பெரியோர்களே! அந்தப் பொன்னில் குண்டுமணி அளவும் அணியாமல் எங்களை ஆளாக்கிய அன்னையரே! பக்கத்து ஊர்களான பேத்தமங்களாவிலிருந்தும் பாலகாட்டிலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே! என் பஸ் தோழியரே! சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து ஊர்ப் பெண் இந்துவின் பணிவான வணக்கம்.

கம்பெனி என்றால் என்ன? பல் துலக்கும் பசை கம்பெனி. பிள்ளை படிக்கும் பள்ளி கம்பெனி. சாமிக்கு ஏற்றும் கற்பூரமும் கம்பெனி! நாம் எப்போது எழ வேண்டும், எப்போது உண்ண வேண்டும் என்று சொல்வதும் கம்பெனி. சிரிக்கிறீர்கள்! ஆனால் கம்பெனியைக் கண்டு மிரளும் கூட்டமா நாம்? தங்கச் சுரங்கக் கம்பெனி வளர்ந்ததையும் பார்த்தோம், அது வாசலைப் பூட்டிவிட்டுப் போனதையும் பார்த்தோம். போன பிறகும் ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது, நாம் இருக்கிறோம்!

எனக்குக் கம்பெனி வேலை வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் என் மகள் படிக்கிறாள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எந்தக் கம்பெனி என்கிறீர்களா? சொல்ல மாட்டேன். அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்ததும் என்ன செய்வார்கள்? இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்று எண்ணுவார்கள். ஓர் ஆள் குறைந்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். சுரங்கத்தில் இறங்கி உழைத்த நம் வேலாயுதம் ஐயா தலையசைக்கிறார் பாருங்கள். அந்தப் பழக்கம் எங்கள் கம்பெனி பஸ்ஸிலும் உண்டு. ஏறும்போது ஒவ்வொருத்தியும் நம்பர் சொல்லித்தான் உட்காருவாள்.

போன ஆடி மாதம் ஒரு மாலை, எண்ணிக்கை நாற்பத்தொன்றில் நின்றது. சங்கமித்ரா வரவில்லை. எலும்பு முறிவுக்காக அவள் கையில் ஸ்டீல் தகடு வைத்திருக்கிறார்கள். கேட்டில் புதிதாக வைத்த மெஷின் அதைக் கண்டு கத்த, திருடி என்று சந்தேகித்து அவளை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பஸ்ஸோ ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். டிரைவர் நாகேஷ் தவித்தார்.

“இன்னாம்மா பண்றது? லேட்டானா என் வேல பூடும்.”

பவ்யா எழுந்தாள். “நீங்க எடுங்கண்ணா. நாங்க எறங்கிக்கிறோம்.”

இறங்கினோம், நாற்பத்தொரு பேரும்! நாகேஷ் இன்ஜினை அணைத்தார். “காலி வண்டிய இன்னாத்துக்கு ஓட்றது?”

மேலாளர் ஓடி வந்தார். ஐந்து நிமிடத்தில் ஏறாதவர்களுக்கு நாளை கேட் திறக்காது என்றார். உண்மையைச் சொல்கிறேன், மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. படியில் ஒரு காலும் வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற கங்கம்மா என் கையைப் பிடித்தாள்.

“பயமாக்கீதா, இந்து? எனக்கும்தான். நில்லுடி.”

நின்றேன்.

மறுநாள் சொன்னபடியே கேட் திறக்கவில்லை. ஆனால் ஒரு லைன் முழுக்க எங்கள் ஆட்கள்தானே? அந்த லைனில் ஒரு மெஷின்கூட அசையவில்லை. பதினோரு மணிக்குக் கேட் திறந்தது! மேலாளர் சங்கமித்ராவிடம் வருத்தம் தெரிவித்தார். இன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் எந்த ஊர் பஸ்ஸும் ஆள் எண்ணாமல் கிளம்புவதில்லை. மாலூர்ப் பெண்கள் கன்னடத்தில் எண்ணுகிறார்கள், குப்பம் ஊர்ப் பெண்கள் தெலுங்கில் எண்ணுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷம்!

கம்பெனி வளரட்டும், வானளாவ வளரட்டும், வாழ்த்துகிறேன்! வேலை தரட்டும், விதிகள் போடட்டும். ஆனால் யாரை விட்டுவிட்டுப் போகலாம் என்பதை மட்டும் அது முடிவு செய்யக் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம், நாம், நாம் மட்டுமே!

அந்த மாலையில் சங்கமித்ரா ஆஸ்பத்திரிச் சீட்டைப் போனில் வரவழைத்துக் காட்டி, ஏழரை மணிக்குத்தான் வெளியே வந்தாள். பஸ் எப்போதோ போயிருக்கும் என்று அழுதுகொண்டே வந்தவள், எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாடி, இன்னும் போவலியா?”

பவ்யா சொன்னாள், “நீ வரலியே.”

இவ்வளவு நேரம் செவிசாய்த்த உங்கள் அன்புக்கு நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்!