ஏழு மணி நாடகமும் ஒரு தூக்குப்போசியும்

– ஹோல்டான், ஹோல்டான்! பாத்தியா புஷ்பம்? இப்பத்தான் அந்தச் சொவத்துக் கடியாரத்துல பத்தே காலு. அவ காப்பி டம்ளரை வெச்சுட்டுத் திரும்புறா, நாலு மணி. ஒரு காப்பிய ஆறு மணி நேரமாவா குடிச்சா?

– உங்களுக்குக் கடியாரந்தான் முக்கியமுங்க. அங்க ஷாலினி அழுதுட்டு இருக்கறா, அது கண்ணுல படல.

– முப்பத்திரெண்டு வருசம் டவுன் பஸ்ஸுல கண்டக்டரு. அறுபது பேரு தொங்கற வண்டியில டிக்கெட் எடுக்காதவனை மொகரையப் பாத்தே புடிச்சவன் இந்தச் சவரிராயன். என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது அம்மணி.

– ஆமாமா. மூக்குக்கண்ணாடிய மூக்குலயே மாட்டிக்கிட்டு அரை நாளு தேடுன கண்ணுதானுங்களே அது. வெள்ளிக்கிழமை என்ன காட்டுனான்? ஜெபமாலை முடிஞ்சு நான் வர எட்டாயிருச்சு.

– ஒண்ணும் காட்டல. ஷாலினி மாடிப்படி எறங்குனா. இன்னைக்குத்தான் கீழ வந்து சேந்திருக்கறா. சரி, விளம்பரம் வந்துருச்சு, சத்தத்தக் கொற. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.

– சொல்லுங்க.

– அது... அந்த அறிவு இருக்கறானே...

– டாக்டரு அறிவா? அவன் பேச்ச எடுக்காதீங்க, எனக்குப் பத்தீட்டு வருது. மாமனாரு உசுரோட இருக்கறாருங்கறத நூத்தி நாப்பது நாளா பொண்டாட்டி ஷாலினிகிட்ட மறைக்கறான். அவ அப்பன் படத்துக்கு மாலை போட்டு அழுவறா, இவன் பக்கத்துல நின்னு ஊதுபத்தி பத்தவெக்கறான்! ஒரே ஒரு வார்த்த, 'உங்கப்பன் இருக்கறாரு புள்ள'ன்னு சொன்னா நாடகம் முடிஞ்சுது. நம்மளும் நேரத்துல சோறு திங்கலாம்.

– சொல்றது லேசா? வாய் வரைக்கும் வரும், அப்பறம் திரும்பிப் போயிரும்.

– நேத்து வரைக்கும் நீங்கதான் அவனைக் கேனப்பயன்னு வைஞ்சுட்டு இருந்தீங்க. இன்னைக்கு என்ன, அவனுக்கு வக்கீலு?

– இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். புஷ்பம், நம்ம பொண்ணு வினோலியா...

– ஏனுங்க! இந்த ஊட்டுல அந்தப் பேரை எடுக்கக்கூடாதுன்னு சொன்னது யாரு? ரெண்டு வருசத்துக்கு முந்தி, இளம்பிள்ளை ஊருத் தறிக்காரன் யோகேஷைக் கட்டிக்கிட்டு அவ வந்து வாசல்ல நின்னப்ப, 'அந்தோணியார் மேல சத்தியம், நானும் எம்பொண்டாட்டியும் உங்கூட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம்'னு தெருவே கேக்கறாப்பல கத்துனது யாரு?

– நாந்தான்.

– என்னையும் சேத்து எதுக்குச் சத்தியம் பண்ணுனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?

– கேக்கல. உனக்கும் சேத்து டிக்கெட்டக் கிழிச்சுப்புட்டேன்.

– நாடகம் வந்துருச்சு, பொறகு பேசலாம்.

– இங்க பாரு, ஆஸ்பத்திரிக்குப் பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு வாரா வில்லி! அட, அறிவு வாயத் தெறக்கறான். சொல்லப் போறான், சொல்லப் போறான்... போச்சு, போன் வந்துருச்சு! சொல்லப்போற நேரத்துக்குன்னே எவனாச்சும் கூப்புடுறான் பாரு.

– சொல்ல மனசில்லாதவனுக்குத்தான் போன் வரும். இந்தா, மறுக்காவும் விளம்பரம். இப்பச் சொல்லுங்க. உங்களைத்தான் யாரும் கூப்புட மாட்டாங்களே.

– சனிக்கிழமையானா கோயிலுக்குப் போறேன்ல... மாதா செலை வெக்கற கெபி கட்டற வேலைக்கு...

– ஆமாங்க, ஆறு மாசமா. நானே கேக்கோணும்னு இருந்தேன். உங்க கதையில கொஞ்சம் ஓட்டை இருக்குதுங்க.

– ஓட்டையா?

– போன வாரம் பூசை முடிஞ்சு கோயிலுக்குப் பின்னால போயிப் பாத்தேன். ஆறு மாசமாக் கட்டற கெபிக்கு ஒரு செங்கல்லக் காணோம். சரி, மாதா பண்ணுன புதுமைன்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

– அது வந்து... பங்குச்சாமியாரு எடத்த மாத்தீட்டாரு.

– இருங்க. சட்டையில ஒரு பொட்டு சிமெண்டு இல்ல, காலர்ல ஜரிகை நூலு ஒட்டீட்டு வருது. மாதாவுக்குக் கெபிய நீங்க கல்லுல கட்டறீங்களா, தறியில நெய்யறீங்களா?

– புஷ்பம்...

– இன்னும் முடியல. சனிக்கிழமை மட்டும் பொழுதோட சோறு வேண்டாங்கறீங்க. ஏப்பம் விட்டா மீன் கொழம்பு மணக்குது. எந்தப் புனிதருங்க அங்க மீன் கொழம்பு ஊத்தறாரு?

– சரி, புடிச்சுட்ட. விசில் அடி, எறங்கிக்கறேன். அவளைப் பாக்கத்தான் போறேன். சத்தியம் பண்ணுனவனே மொத ஆளா மீறீட்டேன். நீ என் சத்தியத்தக் காப்பாத்தீட்டு அவ போட்டோவைத் தொடைக்கறப்பெல்லாம் நான் பேப்பருக்குள்ள மொகத்த மறைச்சுக்குவேன். நூத்தி நாப்பது நாளு மறைச்ச கேனப்பயனாச்சும் டாக்டரு. நான் ரிட்டயர்டு கண்டக்டரு, நூத்தி எம்பது நாளு.

– கண்ணைத் தொடைங்க. எப்படி இருக்கறா?

– மாசமா இருக்கறா புள்ள. ஏழாவது. வர்ற ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. 'அம்மாவைக் கூட்டீட்டு வாங்கப்பா, நீங்களே வாயத் தெறந்து சொல்லிக் கூட்டீட்டு வாங்க'ன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அதைச் சொல்லத்தான் மூணு வாரமா ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வாயத் தெறந்து தெறந்து மூடறேன். வருவியா? அந்தோணியாருகிட்ட உனக்கும் சேத்து நான் முட்டி போட்டுக்கறேன்.

– அவ கொழம்பு எப்படீங்க?

– அதை ஏங் கேக்கற! வெள்ளிக்கிழமை நீ இங்க வெக்கறது எப்படியோ, சனிக்கிழமை அவ ஊத்தறதும் அப்படியே. அதே புளி, அதே மாங்கா. பெத்தவ கைப்பக்குவம் அப்படியே எறங்கியிருக்குதேன்னு சோத்துல கைய வெச்சுக்கிட்டே அழுதுட்டேன். அவ என்னமோ மொகத்த அக்கட்டால திருப்பிக்கிட்டுச் சிரிக்கறா.

– எதுலருந்து ஊத்துனா?

– எவர்சில்வர் தூக்குப்போசியிலருந்து. எதுக்குக் கேக்கற?

– மூடியத் திருப்பிப் பாத்தீங்களா?

– கொழம்பு மணத்துல மூடிய எவன் பாக்கறான்?

– அதுல 'மரியபுஷ்பம்'னு பேரு வெட்டியிருக்குமுங்க. இந்தச் சனிக்கிழமை வாரப்ப மறக்காம அதை எடுத்துட்டு வந்துருங்க. வெள்ளிக்கிழமையானா நான் கொழம்பு கொண்டுபோயிக் கொண்டுபோயி, நம்மூட்டுல இனி ஒத்தப் போசிதான் மிச்சம்.