முப்பத்தி ரெண்டுக்குப் பதிலா ரெண்டு

— நின்னுருச்சு தனம். நாலாவது நாளும் நின்னுருச்சு. எந்தக் கீய அமுக்குனாலும் அசையல பாரு.

— டீவிய ஒரு தட்டு தட்டுங்க, நல்லையா மாஸ்டர்.

— டீவி என்ன பாவம் செஞ்சுச்சு? கோளாறு கம்ப்யூட்டருக்குள்ள. கறுப்பா ஒரு சிப்பு இருக்கு, அதுதான் மூளை. ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு வேலை செய்யும். தெரியாத நம்பர் வந்தா ‘தெரியல’ன்னு சொல்லணும்ல? செஞ்சவங்க அத விட்டுட்டாங்க. சில நம்பர் வந்தா வாயடைச்சு நின்னுரும். பிளக்கப் புடுங்குனாத்தான் உசுரு வரும்.

— புடுங்குனா?

— இவ்வளவு நேரம் அடிச்ச ஐநூறு நம்பரும் போச்சு.

— அடிச்சத கேசட்டுல பதிஞ்சு வச்சுட்டு ஓட விடுங்கன்னு சொன்னேனே.

— மறந்துட்டேன் புள்ள.

— நாலு நாளும் மறந்தீங்க! கடை மொதலாளி பாறூக் நானா துபாய்ல சொல்லி வரவழைச்ச மிஷின். ‘தமிழ் எழுத்த டீவியில காட்டுறேன்’னு அவர்கிட்ட வீறாப்பாச் சொன்னீங்க. நான் ஸ்பிரிங்வெளி தோட்டத்துல இருந்து பஸ்ஸேறி வந்து, ஒங்க நோட்டப் பாத்து நம்பர் வாசிச்சதுதான் மிச்சம்.

— மொதல்ல ஒன் பேரத்தான் காட்டணும்னு இருந்தேன். நாளைக்கு விடிஞ்சா ரயிலு, அப்புறம் கப்பலு, இந்தியா. இன்னைக்கு விட்டா ஏது நேரம்? நோட்டக் கொண்டா, எந்த நம்பர்ல தப்புன்னு பாப்போம்.

— பாக்க வேணாம். நானே சொல்லிர்றேன். இந்தா, இந்த வரியில முப்பத்தி ரெண்டுன்னு இருக்கா? ‘முப்பத்தி’ய முழுங்கிட்டு ரெண்டுன்னு வாசிச்சேன்.

— ரெண்டு வந்தாத்தான் சிப்பு நின்னுரும்!

— மொத நாளு வாய் தவறிப் போச்சுங்க. பஸ்ல போறப்பதான் நெனப்பு வந்துச்சு. நீங்க ‘நாளைக்கும் வா’ன்னு சொல்லியிருந்தீங்களா, அடுத்த மூணு நாளும் வேணும்னே வாசிச்சேன். ‘எழுத்து வேலை முடியிற வரைக்கும் டவுனுக்குப் போ’ன்னு அப்பா சொல்லியிருந்தாரு. முடிஞ்சிட்டா எதச் சொல்லிப் பஸ்ஸேறுவேன்?

— தனம்...

— பாருங்க, நீங்களும் நின்னுட்டீங்க. போன மாசம் அப்பா கேட்டாரே, ‘தம்பி வீட்டுல பொண்ணு பாக்குறாங்களா’ன்னு. அன்னைக்கும் இப்படித்தான் நின்னீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அக்கா பூனாகலையில கட்டிக்கிட்டு சிலோன்லயே இருக்காளே, அது மாதிரி நானும் இருந்திருப்பேன்ல?

— எங்க வீட்டுக்கு சிலோன் பிரஜாவுரிமைன்னு எழுதியிருக்கு, ஒங்க வீட்டுக்கு இந்தியா. பெத்தவங்கள அனுப்பிட்டு எனக்காக நில்லுன்னு எந்த வாயால கேப்பேன்? ஆனா நீ இல்லாம இந்தக் கடையில எனக்கு இருப்புக் கொள்ளாது புள்ள. சத்தியமாச் சொல்றேன்.

— இப்பச் சொல்லுங்க.

— இன்னொண்ணும் கேட்டுக்க. அந்த நோட்டு நான் எழுதுனது. ஒவ்வொரு நம்பரும் எனக்கு மனப்பாடம். நீ ரெண்டுன்னு வாசிச்சப்பல்லாம், முப்பத்தி ரெண்டுன்னு தெரிஞ்சேதான் ரெண்ட அடிச்சேன். கேசட்டும் மறக்கல.

— இத நேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? நான் போகல, ரயிலு நாளைக்குன்னு ஒங்ககிட்ட சொன்னது பொய். ‘ஒரு வார்த்த கேக்காதவனுக்காகவா நிக்கிற’ன்னு என்னைய அக்கா கையில புடிச்சுக் குடுத்துட்டு, அப்பா இன்னைக்கு விடியக்காலை ரயில்ல அழுதுகிட்டே ஏறுனாரு.