வரைதாளில் ஒரு துள்ளல்

முயல்களுக்கு முள்ளங்கி இலை என்றால் உயிர். தினமும் வீட்டிலிருந்து நான்தான் கொண்டுபோவேன்.

பதினான்கு முயல்கள். ஒவ்வொன்றின் மண்டையோட்டிலும் துளையிட்டு நான்கு வெள்ளிக் கம்பிகளை இறக்கியிருந்தேன். அவற்றின்மேல் நான் செலுத்திப் பார்த்தது மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிற அதே அலைதான், ஆனால் ஒரு துளி நீரைக்கூடச் சூடாக்காத அளவுக்கு மெலிந்தது. நான் போய் சுவிட்சைப் போட்டதும் வரைதாளில் மூளையின் மின்னலைகள் துள்ளின. இரண்டு வருடமும் தவறாமல் துள்ளின.

கூண்டுகளைக் கழுவும் அம்மாள் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், நீங்க கதவைத் தொறந்தாலே அதுங்களுக்கு அப்படி ஆகுது. நீங்க இல்லாதப்ப நான் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகலை."

நான் கோபப்படவில்லை, ஐயா. நியாயமான சந்தேகம். மறுநாளே ஏழு முயல்களின் செவிப்பறையைக் குத்தி, இமைகளைத் தைத்தேன். மயக்க மருந்து மின்னலையைக் கெடுத்துவிடும் என்பதால் கொடுக்கவில்லை. அப்படியும் துள்ளின. அந்த அம்மாள், "வாசனை தெரியுமே சார்" என்றாள். அன்றோடு வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான், என்னைக் கண்டு பயப்படாத ஓர் உயிர் வேண்டும் என்று புரிந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். மனைவிக்கு ஓயாத தலைவலி. சிகிச்சை என்று சொன்னேன்.

"வலிக்குமாங்க?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

கம்பிகளைத் தோலின்மேல் ஒட்டினால் பதிவு மங்கலாக வரும். அதனால் மண்டையோட்டில் துளையிட்டேன். பட்டைகளால் கட்டியிருந்ததால் அதிகம் அசையவில்லை. பின்கட்டு அறையில் ஒன்பது நாள் இருந்தாள். அலைக் கருவியை நான் போடுவதற்கு முன்பே துள்ளல் தொடங்கிவிடும். நடைவழியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே பதிவு முள் தாளின் விளிம்புவரை துள்ளியது.

ஆறாம் நாள், "நீங்க வராம இருந்தா வலி கொஞ்சம் குறையுதுங்க" என்றாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று குறித்துக்கொண்டேன். புண் சீழ் பிடித்திருந்தது. மருத்துவரைக் கூப்பிட்டிருந்தால் கம்பிகளை எடுத்திருப்பார். கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் இறந்துபோனாள். கொன்றவன் நான்தான். இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த வரைதாள்களின் ஓரத்தில் 'கருவி இயக்கத்தில்' என்று எழுதியதும் நான்தான். அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். அலை அங்கே எப்படியோ கசிந்திருக்க வேண்டும். என்னிடம் பயப்பட அவளுக்கு என்ன காரணம் இருந்தது?