ஏழாவது வரி

புதிதாக ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால், அதனோடு வரும் கையேட்டைப் படிப்பவன் நான்தான். மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள். அப்பா மட்டும் மேசைக்கால் ஆடாமலிருக்க மடித்து வைப்பார். நான் ஒவ்வொரு வரியாக உரக்க வாசிப்பேன், அக்கா செய்வாள். எனக்கு நாக்கு, அவளுக்கு விரல். பத்து வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு திருகாணிகூட மிஞ்சியதில்லை.

வீட்டில் என்னை 'மூளை' என்று கூப்பிடுவார்கள். ஆறு வயதில் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி பூட்டியதற்கு அம்மா வைத்த பெயர். அதன்பிறகு அந்தக் கடிகாரம் ஓடவில்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

இதைத் தங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. அனிமேஷன் வேலைக்காகத் தாங்கள் இணையத்தில் நடத்திய நான்கு மணிநேரத் தேர்வில், சென்ற புதன்கிழமை பாதி வழியில் ஒரு திரை இருண்டுபோனதே, அது என் அக்காவுடையது. ஐந்து வருடமாக ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அடுத்தவர் காதுகளைச் சமமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவள். தங்கள் அறிவிப்பிலுள்ள வயது வரம்புப்படி அவளுக்கு இதுவே கடைசி வருடம்.

தேர்வுக்காகப் புதுக் கணினி ஒன்றை நாங்களே பூட்டுவதென்று முடிவானது. பிராசசர் எது என்பதுதான் கேள்வி. இறுதியில் இரண்டு நின்றன. ஒன்றில் பதினாறு கோர், அதாவது உள்ளே பதினாறு வேலையாட்கள். மற்றதில் எட்டுதான், ஆனால் எட்டும் சூரர்கள். நான் எட்டின் பக்கம். ஒன்பது பக்கத்துக்கு அட்டவணை போட்டு, அச்செடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன்.

"பதினாறு பேரை ஒரு குழி வெட்டச் சொன்னா வேலை நடக்காதுக்கா, பேச்சுதான் நடக்கும்" என்றேன்.

"எனக்கு வெட்ட வேண்டியது ஒரு குழி இல்லடா, ஆயிரம் குழி. ஒவ்வொரு படமும் ஒரு குழி. பதினாறு பேரும் வரட்டும்."

"எட்டுதான் வேகம்."

"எதுக்கு வேகம்னு எனக்கும் தெரியும். நான் வேலைக்கு வாங்கறேன். நீ விளையாட வாங்கறே."

அம்மா சிரித்தாள். அப்பா அட்டவணையைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் மின்சாரக்காரரின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். "பிராசசர்னா கம்ப்யூட்டருக்கு மூளை, இல்லையா? அப்ப இனிமே வீட்டுல ரெண்டு மூளை. பழசை எக்ஸ்சேஞ்சுல எடுத்துப்பானான்னு கடைக்காரனைக் கேளுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பில் நான் யாருக்கும் குறைந்தவனல்ல. எனக்கு வருத்தமில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கேட்ட பதினாறே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் துணி விரித்துப் பூட்டினோம். அக்காவின் விரல்கள் பூத்தொடுப்பதுபோல் வேலை செய்தன. பிராசசரைப் பள்ளத்தில் இறக்கினாள், கொக்கியை அழுத்தினாள், அதன்மேல் சூட்டைக் கடத்தும் பசையைப் பயறு அளவு வைத்தாள். அடுத்து, பிராசசரின் சூட்டை உறிஞ்சும் கூலரை அதன் தலைமேல் உட்காரவைக்க வேண்டும். கையேட்டின் ஏழாவது வரி இது: 'கூலரின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிடவும்.' எட்டாவது: 'கூலரைப் பசையின்மேல் நேராக வைத்து அழுத்தவும்.'

"அடுத்து?" என்றாள்.

நான் எட்டாவதை வாசித்தேன்.

கூலரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவனும் நானே. அடிப்பக்கம் தரையைப் பார்க்கும்படி கொடுத்தேன். அவள் வாங்கி, அப்படியே வைத்து, நான்கு திருகாணிகளையும் முடுக்கினாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் பொய் சொன்னதாகத் தாங்கள் கருதக்கூடும். வாசித்த வரிகள் எல்லாமே உண்மையானவை.

அந்தத் தாள் இருந்தாலும் கணினி ஓடும். படம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம். கடுமையான வேலை கொடுத்தால் மட்டும் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். முதலில் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு உயிர் பிழைக்கத் தானே அணைந்துவிடும். அதைப் பொறுத்தவரை புத்திசாலியான பொருள்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை அக்கா, "ஒரு தடவ முழு வேலையும் குடுத்துப் பார்த்துரலாமாடா?" என்றாள்.

"புது வண்டியை எடுத்ததும் விரட்டுவாங்களா? கொஞ்ச நாள் மெதுவா ஓட்டிப் பழக்கணும்க்கா."

"கம்ப்யூட்டருக்குமா?"

"கையேட்டுல இருக்கு."

மேலே, வாசித்த வரிகள் எல்லாம் உண்மையானவை என்றேன். இது வாசித்ததில் சேராது, வாயால் சொன்னது.

புதன்கிழமை பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. அறைக்குள் யாரும் வரக்கூடாது என்பது தங்கள் விதி. ஆகவே வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணிநேரம் கணினிக்குள்ளிருக்கும் காற்றாடியின் சத்தம் சாதாரணமாக இருந்தது. அக்கா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குப் படங்களைக் கோக்கும் வேலையைக் கொடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். காற்றாடி ஏறியது. பாட்டு நின்றது. நாற்காலி முன்னால் இழுபட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாச் சத்தமும் ஒரே நொடியில் நின்றுபோனது.

மறுபடி ஓடவிட்டாள். ஆறு நிமிடம். மறுபடி. நான்கு நிமிடம். மூன்றாம் முறை நான் எண்ணவில்லை, கதவைத் தட்டி, "என்னாச்சுக்கா?" என்று கேட்டேன். கதவு திறந்தே இருந்தது. அவள் கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல.

"நீ சொன்னதையே வாங்கியிருக்கணும்டா, மூளை" என்றாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தோளில் தட்டினேன். அன்று மாலைவரை அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பழுதுபார்ப்பவர் கூலரைக் கழற்றி, அந்தத் தாளை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். "வாரத்துக்கு மூணு பேர் இப்படித்தான் வர்றாங்க. உரிக்க மறந்துட்டீங்க. பிராசசருக்கு ஒண்ணும் ஆகல, அருமையான சாமான். புதுப் பசை வச்சு மாட்டுங்க, குதிரை மாதிரி ஓடும்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "கண்ணு ஒரு வரி தாண்டிருச்சுக்கா" என்றேன்.

"விடு. எனக்கும் படபடப்பு, நானும் பார்க்கல" என்றாள். என்னைத் திட்டவே இல்லை. அப்பாதான், "மூளை மறதியாகிடுச்சே" என்றார்.

நான் எதையும் மறப்பவனல்ல. இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டதற்கு அதுவே காரணம்.

கணினி அணைந்தது ஏன் என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் தாங்கள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் நியாயமானதாக இருந்து, தேர்வெழுதியவரே வேண்டிக்கொண்டால் மறுதேர்வு உண்டு என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அக்கா இப்போது மேசையருகே நின்று கூலரை மாட்டிக்கொண்டிருக்கிறாள். விரலெல்லாம் சாம்பல் நிறப் பசை. அதனால் என் போனிலிருந்து என்னையே எழுதச் சொன்னாள். மூன்றே வரி. தம்பியின் கவனக்குறைவால் கையேட்டில் ஒரு வரி விடுபட்டது. தவறு என்னுடையதல்ல. எனக்கு மறுபடி ஒரு வாய்ப்புத் தர வேண்டுகிறேன்.

'கவனக்குறைவு' என்ற சொல்லை என்னால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாகத் தாங்கள் மேலே படித்ததை எழுதினேன்.

"முடிச்சிட்டியா? வாசிடா" என்றாள், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சொன்ன மூன்று வரிகளையும் வாசித்தேன். நிறுத்தி, தெளிவாக. மூன்றாவது வரியில் என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"நல்லா எழுதியிருக்கடா. அனுப்பிடு."

மூன்றாவது வரி அவளுடைய ஆசை என்ற அளவில்தான் இங்கே இருக்கிறது. அவள் பெயரில், வேண்டுகோளாக, நான் அதை எழுதவில்லை. மறந்துவிட்டான் என்று மட்டும் தயவுசெய்து நினைக்க வேண்டாம்.