மேலுக்கு முடியல

அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு காய்ச்சல் என்று வருகிறவர்களை நான் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன், மேடம். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் இந்தக் கம்பெனியின் முதலுதவி அறையில் பதினெட்டு வருடமாக நர்ஸ் நான். மெர்சி சிஸ்டர் நாடி பார்த்து "போம்மா, ஒன்னும் இல்ல" என்றால் சூப்பர்வைசர் வெங்கடேசன்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

போன வருடம் அரிசி வந்தது. மேற்கையில், தோலுக்கடியில் வைக்கும் கருவி அது. அரிசி அளவுதான் இருக்கும் என்பதால் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். இதயத் துடிப்பு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் கவனித்து என் அறைத் திரைக்கு அனுப்பும். சிவப்பு வந்தால் அரைமணி ஓய்வு கட்டாயம். நல்ல ஏற்பாடுதான் என்று நானும் சொன்னேன். இரண்டே வாரத்தில், ஓய்வுக்காகவே மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தேன். வெங்கடேசனிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"செவப்புன்னா செவப்புதான் சிஸ்டர். நீங்க இன்னாத்துக்கு இன்னும் கையப் புடிச்சிப் பாத்துகினு கீறீங்க?"

எனக்கு அது வலித்தது. மறைப்பானேன்.

பாண்டிச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வயது இருபது. சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல். ஒரே வாரத்தில் மூன்று முறை அவளுக்குச் சிவப்பு வந்தது. நாடி எனக்குச் சரியாகவே பட்டது. என்ன செய்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான்: "மேலுக்கு முடியல சிஸ்டர்." மேலுக்கு என்றால் எங்கள் பக்கம் ஒப்புக்கு, சும்மா வெளிக்கு என்றுதான் அர்த்தம். நடிப்பு என்று அவளே வாய்தவறி ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திரையில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் சேர்த்துவிட்டால் இதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் லேசில் சிவப்பு வராது. திங்கட்கிழமை பாண்டிச்செல்வியை அதில் சேர்த்தேன். பச்சை காட்டும்போதும் வந்து நின்றால் பொய் வெளுத்துவிடும் அல்லவா? ஒரு சோதனை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"பச்சையாவா இருக்கு? அப்ப என் நெனப்புதான் போல" என்று சங்கடமாகச் சிரித்துவிட்டு லைனுக்குத் திரும்பிப் போனாள்.

கூட வந்திருந்த அவள் அறைத்தோழி மாடத்தி மட்டும் நின்றாள். "எங்கூர்ல மேலுன்னா ஒடம்பு சிஸ்டர். படி ஏறுனாலே நெஞ்ச அடைக்குன்னு அழுதா. கொஞ்சம் நல்லாப் பாருங்க" என்றாள்.

அன்றைக்கே பழையபடி மாற்றியிருக்கலாம். மாற்றினால், முதலில் ஏன் கை வைத்தாய் என்று கேட்பார்கள். சோதனையும் பாதியில் நின்றுவிடும். புதன்கிழமை மறுபடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பச்சை என்றேன். போய்விட்டாள். வியாழக்கிழமை காலை என் அறைக்கு வரவில்லை, தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு லைனிலேயே விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. விழுந்த நிமிடம் வரைக்கும் திரையில் பச்சைதான்.

எல்லோரும் அரிசியைத்தான் திட்டினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாரணைக்கென்று வந்து முதலில் கேட்டது நீங்கள்தான், சசிரேகா மேடம். திங்கட்கிழமை மாற்றியது நான். செவ்வாய்க்கிழமை அர்த்தம் தெரிந்த பிறகும் அப்படியே விட்டதும் நான். வேண்டுமானால் எழுதியே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் ஒன்று. நானூறு பேர் கையிலிருந்தும் அரிசியை எடுத்துவிட்டார்கள். இப்போது வெங்கடேசனே பெண்களிடம், "சிஸ்டர் இன்னா சொல்றாங்கன்னு கேட்டுகினு வா" என்று அனுப்புகிறார். இன்று காலைகூட இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டும் நடிப்பு.