இன்ஸ்பெக்‌ஷன் நாள் டாக்டர்

அந்த சேர் வேணாம்மா, கால் ஆடும். இப்டி ஜன்னலாண்ட வந்து குந்து. கமிட்டி கார் உத்திரமேரூரு தாண்டிட்ச்சாம், நாஷ்டாவுக்கு நின்னுகினு கீறாங்களாம். அதுவரைக்கும் இந்த லைப்ரரில யாரும் வரமாட்டாங்க. மத்த நாள்லயும் வரமாட்டாங்க, அது வேற கதை. நான் தானியேல். இங்க லைப்ரரியன்.

தப்பு இல்லயான்னா? தப்புதான். இல்லன்னு சொல்றவன நம்பாத. ஆனா அந்த ஹால்ல குந்திகினு கீறாங்களே, பாதி பேரு உன்னாட்டம் இன்னிக்கி ஒரு நாளைக்கி வாத்தியாரா நடிக்க வேன்ல வந்தவங்கதான். கண்ணாடிக்காரர் இன்னிக்கி மெக்கானிக்கல் ஹெச்.ஓ.டி., போன வாரம் வேற காலேஜுல சிவில். பேய் புஸ்தகத்துக்கு லைப்ரரில அடுக்கற கணக்குல நூத்தி முப்பத்திமூணாம் நம்பர், கல்விக்கு முந்நூத்தி எழுவது. இன்னிக்கி ஒரு நாள் ரெண்டையும் ஒரே அலமாரில வெச்சிடலாம்.

சிரிச்சிட்ட. நல்லது.

நீ தமிழ்ச்செல்வி இல்ல? கெமிஸ்ட்ரில பிஎச்டி. ஆறு வருசமா கௌரவ விரிவுரையாளரா? அந்த வார்த்தைய கண்டுபுடிச்சவன் கண்டிப்பா பர்மனென்ட் ஸ்டாப்பாத்தான் இருந்திருப்பான்.

சரி, கேட்டுக்கோ. இன்னிக்கி நீ டாக்டர் ஷீபா. ஏரித் தண்ணில ஃப்ளோரைடு, அதான் உன் ஆராய்ச்சி. அதுக்குமேல கேக்கமாட்டாங்க, கேட்டா அவங்களுக்கும் பதில் தெரியணுமே. அந்தப் பொட்ட மட்டும் எடுத்துடும்மா. ஷீபாவோட ஐ.டி. கார்டு போட்டோல பொட்டு கெடையாது.

ஒரிஜினல் ஷீபாவா? காலைல இங்க கிளாஸு, மத்தியானம் வேற காலேஜு. ரெண்டு எடத்துலயும் சேந்தாதான் ஒரு சம்பளம். நடுவுல ஸ்கூட்டி. மானாம்பதி ரோட்ல ஒரு ஜல்லி லாரி.

ஆமாம்மா. நாலு வருசமாச்சு.

மேனேஜ்மென்டு லிஸ்ட்லேந்து பேர எடுக்கல. டாக்டர் பட்டத்தோட ஒரு ஆளு கணக்குல இருந்தா அவங்களுக்கு லாபம்தான? நானும் எடுக்க சொல்லல.

எங்க எழுந்துகினு? போறதுன்னா போ, கதவு தொறந்துதான் கீது. செத்தவ பேர்ல குந்தறது யாருக்குத்தான் புடிக்கும்? போன வருசம் வந்த பொண்ணும் அழுதுகினேதான் குந்திச்சி.

ஒண்ணு மட்டும் கேட்டுட்டு போ. அடுத்த வருசம் இந்த வேலயெல்லாம் நடக்காது. கேமரா வெக்கிறாங்க, நெசமான மூஞ்சிய காட்டினாத்தான் அட்டன்டன்ஸ் பதியும். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனா இன்னிக்கோட இந்தப் பேர யாரும் கூப்டமாட்டாங்க.

குந்தறியா? சரிம்மா.

மத்தவங்க பேரு கூப்டா தலய மட்டும் ஆட்டுவாங்க. நீ அப்டி பண்ணாத. எழுந்து நின்னு, வாயத் தொறந்து, எஸ் சார்னு சொல்லு. நான் வாசப்படியாண்ட நிப்பேன். வருசா வருசம் அங்கதான் நிக்கிறது. வூட்ல என் சம்சாரம் எதுர அந்தப் பேர எடுக்க முடியாது. கல்லறைல எழுதின ஆளு டாக்டர விட்டுட்டான், கல்லுல எடம் பத்தலயாம். எங்க பொண்ண டாக்டர்னு சேத்து கூப்டறது இந்த ஒரு ஹால்லதான்.

கார் வந்துட்டாப்ல கீது. போ. கொஞ்சம் சத்தமாவே சொல்லும்மா, அவ மெதுவா பேசினதே கெடையாது.