மறுத்தது காப்பியை, பெண்ணை அல்ல

விடிந்ததிலிருந்து ஓடியாடி, வியர்வை துடைக்கவும் நேரமில்லாமல் இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் மகளிர் சங்கத் தலைவி ராமாமணி அம்மையார் அவர்களே, பந்தலும் பாயும் மைக்கும் தந்த மில் முதலாளி பெரியவர் திருமலைசாமி அவர்களே, தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே குரல் பெருத்துப்போன தாய்மார்களே, மனைவியை அழைத்துப்போக வந்து மாட்டிக்கொண்ட கணவன்மார்களே, சோமனூர்ச் சொந்தங்களே, கண்ணுகளே, உங்கள் ஒவ்வொருவரையும் தெய்வாத்தாள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதனால்தானோ என்னவோ, அஞ்சாமல் பேசுவேன் என்று நம்பி எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். விருந்தோம்பல். நல்ல தலைப்பு. கொங்கு மண்ணின் குணத்துக்கே குடை பிடிக்கிற தலைப்பு. பேசலாம் என்று எழுந்து வந்தேன். வந்தால் என் முன்னால் ஒரு டம்ளர். மேலே தட்டுப் போட்டு மூடியிருக்கிறது. திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. மூக்கு சொல்லிவிட்டது.

காப்பி.

என்னை அழைக்க வீட்டுக்கு வந்தபோதே சங்கத்துப் பெண்களிடம் சொன்னேன், எனக்கு ஏதாவது வைப்பதானால் டீ வையுங்கள் என்று. தலையை ஆட்டினார்கள். அழகாக ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுக் காப்பி வைத்திருக்கிறார்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சீருக்குப் போனாலும் காப்பி. செய்முறைக்குப் போனாலும் காப்பி. ஈரோட்டுக்கு ஜவுளி எடுக்கப் போனால் புடவையை விரிக்கும் முன்னே காப்பி. டீ இருக்கிறதா என்று வாய் திறந்து கேட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, மேலுக்கு முடியலீங்களா?" என்கிறாள். இன்னொருத்தி, "ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்கிறாள். காப்பி பிடிக்காத ஒருத்தி இந்தக் கோயமுத்தூர்ச் சீமையில் பிறக்கக் கூடாதா? பிறந்தால் உயிரோடு இருக்கக் கூடாதா? இருந்தால் நாலு வீட்டுக்குப் போகக் கூடாதா?

நம் மாவட்டத்து வால்பாறையிலே மலை மலையாகத் தேயிலை விளைகிறது. நீலகிரி நமக்குக் கூப்பிடு தூரம். மலைமேலே அத்தனை மரியாதையாக வளர்கிற தேயிலைக்குக் கீழே இறங்கியதும் என்ன மரியாதை கொடுக்கிறோம்? காரிலே வந்தவருக்குக் காப்பி, காலிலே வந்தவருக்கு டீ. சம்பந்திக்குக் காப்பி, தறிக்காரருக்கு டீ. வெள்ளி டம்ளருக்குக் காப்பி, கண்ணாடிக் கிளாசுக்கு டீ. தாகத்துக்குத் தராதரம் பார்த்த ஊர் உலகத்திலே வேறு எங்காவது உண்டா?

நான் தறி ஓட்டியவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபது வருஷம் கூலித்தறி ஓட்டினேன். பட்டறைக்குப் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் முக்குக் கடையிலிருந்து டீ வரும். இப்போது இல்யாஸ் நடத்துகிறாரே, அந்தக் கடைதான். தறியை நிறுத்த முடியாது. ஒரு கையிலே கிளாஸ், மறு கையிலே அறுந்த நூல். அந்தச் சூடு தொண்டையிலே இறங்கினால்தான் அடுத்த பீஸ் நெய்யத் தெம்பு வரும். இன்றைக்கு என் வீட்டில் சொந்தத் தறி ஓடுகிறது. வாசலில் கார் நிற்கிறது. காப்பிக்கொட்டை அரைக்க என் மகன் ஒரு மெஷினே வாங்கி வைத்திருக்கிறான். இல்லாமையால் டீ குடிப்பவள் இல்லை நான். எல்லாம் இருந்தும், இதுதான் வேண்டும் என்று குடிப்பவள்.

விருந்தோம்பலைப் பேசச் சொன்னால் வீட்டுக்கதை பேசுகிறாளே என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். வருகிறேன், ஐயா. வீட்டுக்கதையின் வழியாகத்தான் வருகிறேன்.

என் பேரன் மனோஜ்குமாருக்குப் பெண் பார்த்தோம். கருமத்தம்பட்டியில் நல்ல குடும்பம். பாலுசாமி அவர்களின் மகள், ரித்திகா. ஜாதகம் பொருந்தியது. போட்டோ பிடித்தது. நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று போனோம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம். பெண் கொண்டுவரும் டம்ளரை வாங்கிக் குடித்தால் சம்மதம். தொடாமல் எழுந்தால் இல்லை. வந்தவர்களில் மூத்தவர் தொட்ட பிறகுதான் மற்றவர் தொட வேண்டும். போனவர்களில் மூத்தவள் நான்.

பெண் வந்தாள். லட்சணமான பெண். தட்டு நிறைய வெள்ளி டம்ளர். அத்தனையிலும் காப்பி. நான் வழக்கம் தெரியாதவளா? தெரிந்துதான் கேட்டேன். "கண்ணு, தப்பா நெனைக்காதீங்க, எனக்கு மட்டும் டீ கெடைக்குமுங்களா?"

ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் தட்டை வைத்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாள். இரண்டடி வைத்திருப்பாள். அவள் அம்மா சம்பூர்ணம் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "மொத மொதலா ஊட்டுக்கு வந்தவீங்களுக்கு டீ குடுக்கறதாவதுங்க? அது தறிக்காரங்களுக்குப் போடறதுங்க. காப்பியவே சித்த குடிங்கம்மா, எருமைப் பாலு, இப்பத்தான் கறந்தது."

அவர் நகர்த்துகிறார், நான் தள்ளுகிறேன். நான் தள்ளுகிறேன், அவர் நகர்த்துகிறார். அவரிடம் இருந்தது மரியாதை, மறுக்கவில்லை. என்னிடம் இருந்தது தாகம், அதை யார் கேட்டார்கள்? காப்பிமேல் ஆடை படிந்துவிட்டது. நான் தொடவில்லை என்று என் மகன் தொடவில்லை. மகன் தொடவில்லை என்று மருமகள் தொடவில்லை. கல்யாணப் பையன் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ வரும் வரும் என்று நான் காத்திருக்க, காப்பி குடிப்பார்கள் குடிப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்க, ராகுகாலம் வந்துவிட்டது. எழுந்துவிட்டோம். ஒரு கைகூட நனையவில்லை. பாலுசாமி அவர்கள் வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

மறுநாளே தரகர் நரசிம்மலுவை அனுப்பி, எங்களுக்குப் பரிபூரண சம்மதம் என்று சொல்லச் சொன்னேன். போனவர் என் பேரன் ஜாதகத்தோடு திரும்பி வந்தார். கை நனைக்காமல் போனவர்கள் மரியாதைக்காகச் சொல்லி அனுப்புகிறார்கள், நாங்கள் புரிந்துகொண்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பார்த்தீர்களா, தாய்மார்களே? இதுதான் நம் மரியாதை படுத்துகிற பாடு. கொங்கு நாட்டில் யாராவது வேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொன்னதுண்டா? பார்க்கலாமுங்க என்போம், யோசிக்கலாமுங்க என்போம், சொல்லி அனுப்பறமுங்க என்போம். வேண்டாம் என்பதை டம்ளர்தான் சொல்லும். அதனால் என்ன ஆயிற்று? வேண்டும் என்று வாய் சொன்னாலும் நம்ப ஆளில்லை. டம்ளர் சொன்னதே சத்தியம், மனுஷி சொன்னது சம்பிரதாயம்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. தரகரை மறுபடி போகச் சொன்னேன், முகத்தில் விழிக்க முடியாது என்றார். வீட்டிலோ என் பேரன் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டான். "ஒரு முழுங்கு குடிச்சிருந்தா என்னங்க ஆகியிருக்கும், அப்பத்தா?"

குடித்திருக்கலாம். ஒரு முழுங்குதான். விஷமா? இல்லை. ஆனால் சம்பந்தி வீடு என்பது ஒரு முழுங்கோடு முடிகிற உறவா? ஆடிக்குப் போவேன், தீபாவளிக்குப் போவேன், பிள்ளைப்பேறுக்குப் போவேன், காதுகுத்துக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே பிடிக்காததை விழுங்க வேண்டும். அவரும் எனக்குப் பிடிக்கும் என்று நம்பி ஒவ்வொரு தடவையும் எருமைப் பால் கறக்க வேண்டும். பொய் சொல்லி எடுத்த பெண்ணை எந்த முகத்தோடு நான் மெய்யாகப் பார்ப்பேன்?

இப்போது விருந்தோம்பலுக்கு வந்துவிட்டேன், ஐயா. விருந்தோம்பல் என்பது என்ன? என் வீட்டு வெள்ளி டம்ளரை ஊருக்குக் காட்டுவதா? என் வீட்டு எருமைப் பாலின் பெருமையை வந்தவர் தொண்டையில் ஊற்றுவதா? வந்தவர் எதைக் கேட்கிறார் என்று காது கொடுப்பதல்லவா விருந்தோம்பல்? அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த எல்லோர் காதிலும் நான் கேட்டது விழுந்தது. காலை எடுத்து வைத்தவள் ஒருத்திதான். அந்த இரண்டடிக்காகத்தான் சொல்கிறேன், அந்தப் பெண் என் வீட்டுக்கு வர வேண்டும். படிப்புக்காக இல்லை, நிறத்துக்காக இல்லை, போடுகிற நகைக்காக இல்லை. அந்த இரண்டடிக்காக.

வெள்ளிக்கிழமை அந்தியூரிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெண்ணைப் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் காப்பி குடிப்பவர்களாகத்தான் இருப்பார்கள். மளமளவென்று குடித்துவிடுவார்கள். அதனால்தான் இன்றைக்கே பேசுகிறேன், இந்த மேடையிலேயே பேசுகிறேன். சம்பூர்ணம் அம்மணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மகள் இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சொல்லி முடிப்பதற்குள் அத்தனை பேரும் திரும்பிவிட்டீர்கள்.

அம்மணி, சபையில் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்க. என் போனை எடுத்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் வளர்ப்பிலே குறையில்லை, உங்கள் காப்பியிலேகூடக் குறையிருந்திருக்காது. இத்தனை பேர் சாட்சியாக, மைக் சாட்சியாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் தள்ளியது டம்ளரை. பெண்ணை அல்ல. நாளைக்குக் காலையில் மறுபடியும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். காப்பி வைத்தால் நாளைக்கும் குடிக்க மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டீ வைத்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். வைக்காவிட்டால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். என் பேரனுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

என்னங்க? சம்பூர்ணம் அம்மணி எழுந்து நிற்கிறார். சத்தம் போடாதீர்கள், தாய்மார்களே, அவர் பேசட்டும்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் கேட்டதை நானே மைக்கில் சொல்கிறேன். "ஊட்ல இருக்கறது தறிக்காரங்களுக்குப் போடற தூளுதானுங்க, பரவால்லீங்களா?" என்று கேட்கிறார்.

அம்மணி, இருபது வருஷம் அந்தத் தூளைக் குடித்துத்தான் நான் நின்றேன். அதுவேதான் வேண்டும். கண்ணாடிக் கிளாசிலேயே கொடுங்க.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா, இங்கிருந்து தெரியவில்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனோஜு, உனக்குத் தெரிகிறதா, கண்ணு? நாளைக்கு நீ வேண்டுமானால் காப்பி குடி. அது உன் இஷ்டம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்து, அதற்கு மேலும் மணியடிக்காமல் பொறுத்த தலைவி அம்மையாருக்கு நன்றி. இந்தக் காப்பி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, அவரே எடுத்துக்கொள்ளட்டும். பந்தல் தந்த பெரியவருக்கும், கைதட்டியவர்களுக்கும், கைதட்டாமல் காது கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. உங்கள் வீட்டுக்கு வருபவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். எல்லோரும் நல்லா இருங்க. நான் போய்ட்டு வாரேனுங்க. காலையில் கருமத்தம்பட்டியில் கை நனைக்க வேண்டியிருக்கிறது.